ரெம்பிராண்டின் அச்சோவியங்களை நிதானமாகப் பார்க்க ஒரு வழி

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியம் என்றதும் எல்லோரும் 1642-இல் ரெம்பிராண்ட் தீட்டிய 'இரவுக் காவல்' ஓவியத்தைத்தான் தேடுகிறார்கள். சரி, அதைப் பாருங்கள், ஆனால் அவருடைய அச்சோவியங்களை, அதாவது செப்புத் தகட்டில் கீறி, மை தடவி, காகிதத்தில் அச்சிட்ட படங்களை, விட்டுவிடாதீர்கள். காகிதம் வெளிச்சத்தில் கெட்டுவிடும் என்பதால் அவற்றை நிரந்தரமாகச் சுவரில் மாட்டுவதில்லை, நேரில் போனாலும் கண்ணில் படாமலே போகலாம். அருங்காட்சியக இணையதளத்தில் பெரிய அளவில் இலவசமாகப் பார்க்கலாம், பதிவிறக்கவும் செய்யலாம்.

ஓவியர் பெயரோடு 'மூன்று சிலுவைகள்' என்று ஆங்கிலத்தில் (The Three Crosses) போட்டுத் தேடுங்கள். ஒரே படம் பலமுறை வரும், எல்லாம் ஒன்றுதானே என்று தாண்டிவிட வேண்டாம். 1653 என்று தேதியிட்ட நிலையையும் (தகட்டை மாற்ற மாற்ற அச்சிட்டு எடுத்த ஒவ்வொரு வடிவமும் ஒரு 'நிலை', ஆங்கிலத்தில் state) அதற்கு அடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள்: அடுத்ததில் அதே செப்புத் தகட்டைச் சுரண்டி, பல உருவங்களை அழித்து, புதுக் கோடுகள் கீறி, காட்சியையே இருட்டில் மூழ்கடித்திருக்கிறார், உயரத் தொப்பி வைத்த குதிரைவீரன் அதில்தான் புதிதாக வருகிறான். எனக்கு இந்த இருண்ட வடிவம்தான் பிடிக்கும்.

அப்புறம் கோடுகளை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். ஊசியால் கீறும்போது எழும் உலோகப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால் சில கோடுகள் வெல்வெட் போல மெத்தென்று தெரியும். அச்சிட அச்சிட அந்தப் பிசிறு தேய்ந்துவிடும், அதனால் முதலில் எடுத்த பிரதிகளில்தான் கருமை அதிகம்.