அரசாங்கத் தரவுப் பட்டியலை ஏஐ உதவியாளருடன் இணைக்கும் முறை

பட்டர்வொர்த்தில் லாரிகள் வைத்துத் தொழில் நடத்தும் அண்ணன் ஒருவர், டீசல் விலை எப்போது எவ்வளவு மாறியது என்பதைத் தம் கூலிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினார். அந்த விவரம் மலேசிய அரசாங்கத்தின் டேட்டா.கவ்.மை தளத்தில் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. ஆனால், ஆங்கிலத்திலும் மலாயிலும் அமைந்த பட்டியலில் தேடி எடுக்க அவருக்கு நேரமில்லை. தமிழில் கேட்டால் தமிழில் பதில் வர வேண்டும் என்றார். அவருக்குச் செய்து கொடுத்த முறையை இங்கே எழுதுகிறேன்.

இணைப்புக்கு உதவுவது எம்சிபி எனும் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால். ஏஐ உதவியாளரை வெளித் தரவோடும் கருவிகளோடும் இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட திறந்த நெறிமுறை இது. நாம் எழுதும் சேவையகம் தன்னிடம் உள்ள கருவிகளை அறிவிக்கும். கேள்விக்கு ஏற்ற கருவியை உதவியாளர் அழைக்கும். சேவையகம் என்றதும் பெரிய இயந்திரத்தை எண்ண வேண்டாம். உங்கள் மடிக்கணினியில் ஓடும், பைத்தான் நிரல்மொழியில் எழுதிய ஒரு கோப்பு போதும். பைத்தான் 3.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பும் எம்சிபிக்கான பைத்தான் நிரல் தொகுப்பும் நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

நிரல் குறியீட்டைத் தொடுவதற்கு முன், தரவை உங்கள் கண்ணால் பாருங்கள். எரிபொருள் விலைத் தரவுத் தொகுப்பின் பக்கத்தில் மாதிரி ஏபிஐ முகவரி, அதாவது நிரல்கள் தரவைக் கேட்டு வாங்கும் இணைய முகவரி, தரப்பட்டிருக்கும். அதை உலாவியில் ஒட்டினால் வரிசைகள் அப்படியே தெரியும். ஒவ்வொரு வாரத்துக்கும் இரண்டு வகை வரிசைகள் இருப்பதைக் கவனியுங்கள். ‘லெவல்’ எனக் குறிக்கப்பட்டது விலை. ‘சேஞ்ச் வீக்லி’ எனக் குறிக்கப்பட்டது முந்தைய வாரத்திலிருந்து ஏற்பட்ட மாற்றம். டீசலுக்கும் இரண்டு பத்திகள் (நெடுவரிசைகள்) உண்டு. ஒன்று தீபகற்பத்துக்கு உரியது, மற்றது கிழக்கு மலேசியாவுக்கு உரியது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு உயர்ந்தபோது சபா, சரவாக்கில் பழைய விலையே நீடித்தது. பத்தி மாறினால் பினாங்கு லாரிக்காரரின் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

சேவையகத்தில் மூன்று கருவிகள் போதும்: தொகுப்பைத் தேடுவது, தொகுப்பின் பத்திகளை விளக்குவது, வரிசைகளை எடுப்பது. மூன்றும் படிக்க மட்டுமே செய்பவை. தேடலுக்காக, உங்களுக்குத் தேவையான தொகுப்புகளின் அடையாளப் பெயர்களையும் விளக்கங்களையும் ஒரு சிறு கோப்பில் நீங்களே எழுதி வையுங்கள். அதில் தமிழ்ச் சொற்களையும் சேருங்கள். நம் ஊரில் பெட்ரோலை ‘எண்ணெய்’ என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லை எரிபொருள் தொகுப்போடு இணைத்து வைக்காவிட்டால், உதவியாளர் சமையல் எண்ணெய் விலையைத் தேடிப் போகும்.

கருவியின் விளக்கத்தை எழுதுவதற்கே அதிக நேரம் கொடுங்கள். உதவியாளருக்குத் தரவைப் பற்றித் தெரிவதெல்லாம் அந்தச் சில வரிகள்தான். முதலில் நான் ‘எரிபொருள் விலையைத் தரும்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். அண்ணன் கேட்டபோது ரோன்95 பெட்ரோலின் விலை 0 ரிங்கிட் என்று பதில் வந்தது. 2021க்குப் பின் நெடுநாள் 2.05 ரிங்கிட்டில் நின்ற எண்ணெய்க்கு வாராந்திர மாற்றம் சுழியம். உதவியாளர் அந்த வரிசையை விலையாக எடுத்துக்கொண்டது. ஆகவே, வரிசை வகைகள், பத்திகள், அலகு, தேதியின் பொருள் ஆகிய அனைத்தையும் விளக்கத்தில் எழுதுங்கள். அதோடு நிறுத்தாமல், விலை கேட்கும் அழைப்புகளுக்கு ‘லெவல்’ வடிகட்டியைக் குறியீட்டிலேயே பூட்டிவிடுங்கள். ஒரே அழைப்பில் வரும் வரிசைகளுக்கும் வரம்பு வையுங்கள். தொகுப்பு முழுவதையும் கொட்டினால் பதிலின் தரம் குறையும்.

அடுத்தது இணைப்பு. ஆந்த்ரோபிக்கின் ஏஐ உதவியாளரான கிளாடைக் கணினியில் பயன்படுத்த உதவும் கிளாட் டெஸ்க்டாப் செயலியின் அமைப்புகளில் டெவலப்பர் பகுதிக்குச் சென்று அமைப்புக் கோப்பைத் திறந்து, சேவையகத்தின் பெயர், இயக்கும் கட்டளை, பைத்தான் கோப்பின் முழு முகவரி ஆகியவற்றைச் சேருங்கள். விண்டோஸில் முகவரியின் பின்சாய்கோட்டை (\) இரட்டையாக எழுத வேண்டும். பிறகு செயலியை முழுவதும் மூடித் திறவுங்கள். சாளரத்தை மட்டும் மூடினால் மாற்றம் ஏறாது. கருவிகள் தெரியாவிட்டால், குறியீட்டில் ‘பிரிண்ட்’ கட்டளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இவ்வகை இணைப்பில் செய்திகள் நிரலின் வழக்கமான வெளியீடான ‘ஸ்டான்டர்ட் அவுட்புட்’ வழியாகவே செல்வதால், அங்கே நீங்கள் அச்சிடும் ஒரு வரிகூட உரையாடலைக் குலைத்துவிடும். உங்கள் குறிப்புகளைப் பிழைச் செய்திகளுக்கான ‘ஸ்டான்டர்ட் எரர்’ வெளியீட்டுக்கு அனுப்புங்கள்.

சோதிக்கும்போது, விடை உங்களுக்கு முன்பே தெரிந்த கேள்விகளையே கேளுங்கள். 2024 ஜூன் மாத டீசல் உயர்வு நல்ல சோதனைக் கேள்வி. ஒவ்வொரு பதிலோடும் தேதியையும் பத்தியின் பெயரையும் சொல்லும்படி விளக்கத்தில் எழுதி வைத்தால், அண்ணனைப் போன்றவர்கள் அந்த எண்ணைத் தளத்தில் தாமே சரிபார்த்துக்கொள்ள முடியும்.