புள்ளியியல் முதல் பாடத்தில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

பட்டப்படிப்பின் முதலாண்டில் புள்ளியியலைத் துணைப்பாடமாகப் படிக்க வருபவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். கணக்கு வராதவர்கள்தான் இதில் தோற்பார்கள் என்ற பயம் பரவலாக இருக்கிறது. நான் பார்த்தவரை, பிளஸ் டூ கணக்கில் நூறு வாங்கியவர்களும் இங்கே தடுமாறுகிறார்கள். கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் சூத்திரத்தைத் தேடிக் கை ஓடிவிடுவதுதான் காரணம்.

ஒரு கடையில் 9 ஊழியர்களுக்கு மாதம் 20,000 ரூபாய். மேலாளருக்கு 5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரின் சராசரி 68,000 ரூபாய். கூட்டலும் வகுத்தலும் சரி. ஆனால் அந்தச் சம்பளத்தை அங்கே யாருமே வாங்கவில்லை. சம்பளங்களை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் வரும் இடைநிலை அளவான 20,000தான் அந்தக் கடையின் நிலையைச் சொல்கிறது. எந்த அளவை எடுப்பது என்பதைத் தரவுதான் தீர்மானிக்கும்.

அடுத்தது, வரைபடம் போடாமல் கணக்கில் இறங்குவது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. 1973இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 இணைகள். நான்கிலும் எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி ஏறத்தாழ 7.5, இரண்டும் எந்த அளவுக்குச் சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.816. வரைந்து பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். முதலாவதில் புள்ளிகள் ஒரு கோட்டை ஒட்டிச் சிதறியிருக்கும். இரண்டாவது வில்லாக வளையும். மூன்றாவதில் நேர்கோட்டை விட்டு ஒரே ஒரு புள்ளி விலகி நிற்கும். நான்காவதில் பத்துப் புள்ளிகள் செங்குத்தாக அடுக்கியிருக்க, தொலைவில் நிற்கும் ஒற்றைப் புள்ளியே ஒட்டுறவை உண்டாக்கியிருக்கும். வரைபடத் தாளில் கையால் ஒருமுறை இவற்றைக் குறித்துப் பாருங்கள், பிறகு மறக்காது.

ஒட்டுறவு பூச்சியம் என்றால் தொடர்பே இல்லை என்று எழுதுவதும் இதன் தம்பிதான். -2, -1, 0, 1, 2 என்ற எண்களையும் அவற்றின் வர்க்கங்களையும் எடுத்துக்கொண்டால் கெழு பூச்சியம்தான் வரும். ஆனால் ஒன்று தெரிந்தால் மற்றது துல்லியமாகத் தெரிந்துவிடுகிறதே! கெழு அளப்பது நேர்கோட்டுத் தொடர்பை மட்டுமே.

தரவு சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கிறது என்று காட்டும் திட்ட விலக்கம் கால்குலேட்டரில் இரண்டு இருக்கும். 4, 6, 7, 9, 14 என்று உள்ளிட்டால் ஒன்று 3.41 காட்டும், மற்றது 3.81. சராசரியிலிருந்து உள்ள விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டி, முன்னது ஐந்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தது, பின்னது நான்கால். மாதிரியை வைத்து, அது எடுக்கப்பட்ட முழுமைத் தொகுதியை மதிப்பிடும்போது பின்னதைத்தான் எடுக்க வேண்டும்.

எடுகோள் சோதனையில், வேறுபாடோ விளைவோ இல்லை என்ற தொடக்க அனுமானத்தை, அதாவது இன்மை எடுகோளை, தரவை வைத்துச் சோதிக்கிறோம். அதில் வரும் பி மதிப்பில் சறுக்காதவர்கள் அரிது. 0.03 வந்தால், "இன்மை எடுகோள் உண்மையாக இருக்க 3 சதவீத வாய்ப்பு" என்று எழுதிவிடுகிறார்கள். அது அப்படியல்ல. இன்மை எடுகோள் உண்மை என்று முதலில் வைத்துக்கொள்கிறோம். அப்படியிருக்கும்போது, நமக்குக் கிடைத்த அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ விலகிய முடிவு வர 3 சதவீத வாய்ப்பு என்பதே பொருள். பி மதிப்பு வழக்கமான எல்லையான 0.05ஐத் தாண்டிவிட்டால் இன்மை எடுகோள் நிரூபணமாகிவிட்டது என்று சொல்வதும் தவறு. அதை மறுக்கப் போதிய சான்று கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசி வாரத்தில் பழைய வினாத்தாள்களை மட்டும் புரட்டுவது இந்தப் பாடத்துக்கு உதவாது. நிகழ்தகவு புரியாமல், மாதிரிக்கு மாதிரி முடிவு எப்படி மாறும் என்று சொல்லும் மாதிரிப் பரவல் புரியாது. அது புரியாமல் எடுகோள் சோதனை புரியாது.

விடையின் கடைசி வரியையும் கவனியுங்கள். "இன்மை எடுகோள் நிராகரிக்கப்படுகிறது" என்று எழுதிப் பேனாவை மூடிவிடுகிறார்கள். கேள்வி உரத்தைப் பற்றியது என்றால், "புதிய உரமிட்ட பாத்திகளின் சராசரி விளைச்சல் கூடுதல் என்பதற்கு 5 சதவீத மட்டத்தில் சான்று இருக்கிறது" என்று முடியுங்கள். அந்த வரி இல்லாத விடைக்கு நான் முழு மதிப்பெண் தருவதில்லை.