மெஷின் இல்லாம பிபி பாக்குறது எப்படி? புதுசா வார்டுக்கு வர்ற நர்ஸுங்களுக்கு

பட்டனை அமுக்குனா மானிட்டர்ல நம்பர் வந்துடுது, அப்புறம் எதுக்கு கையால பிபி பாக்க கத்துக்கணும்னு ட்ரெய்னிங் வர்றவங்க கேக்குறாங்க. நியாயமான கேள்விதான். ஆனா ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் ஒழுங்கில்லாம துடிக்கறது) இருக்கறவங்க, கை நடுங்கிட்டே இருக்கறவங்க, ஷாக்குல பிபி ரொம்ப இறங்கிப்போனவங்க, இவங்ககிட்டல்லாம் மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு காட்டும், சில நேரம் எரர்னு போட்டுட்டு அப்படியே நின்னுடும். அப்போ உங்க விரலையும் காதையும் நம்பித்தான் டாக்டர் மருந்து எழுதணும். அதனால பொறுமையா, ஒவ்வொரு படியும் ஏன்னு புரிஞ்சு கத்துக்கோங்க.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். ஸ்டெத்தை காதுல மாட்டுறதுக்கு முன்னாடி நீங்க என்ன செய்றீங்களோ அதுலயே ரீடிங் சரியா வருமா தப்பா வருமான்னு பெரும்பாலும் முடிவாயிடும்.

படி 1: பேஷண்ட்டை உக்கார வைங்க

அஞ்சு நிமிஷம் அமைதியா உக்காந்திருக்கணும், முதுகு சாஞ்சிருக்கணும், கால் ரெண்டும் தரையில படணும், கால் மேல கால் போட்டிருந்தா எடுக்கச் சொல்லுங்க. காபி, சிகரெட், மாடிப்படி ஏறினது எதுவும் முந்தின அரை மணி நேரத்துல இருக்கக்கூடாது, யூரின் வருதுன்னா போயிட்டு வரட்டும், அடக்கிட்டு உக்காந்தா பிபி ஏறும். பேசினாலும் ஏறும். "ஒரு நிமிஷம் பேசாம இருங்க, முடிச்சதும் சொல்றேன்"னு சொல்லிட்டு நீங்களும் பேசாம இருங்க.

கை நெஞ்சு மட்டத்துல இருக்கணும், அதுவும் தலகாணி இல்லன்னா டேபிள் மேல தாங்கலா இருக்கணும், பேஷண்ட்டே தூக்கிப் பிடிச்சுட்டு இருக்கக்கூடாது. கை 10 சென்டிமீட்டர் கீழ தொங்கினா ரீடிங் சுமார் 7, 8 கூடிடும், மேல போனா அதே அளவு குறையும். ரத்தத்துக்கும் எடை இருக்குல்ல, அவ்வளவுதான் காரணம்.

படி 2: எந்தக் கைன்னு பாருங்க

டயாலிசிஸ் பேஷண்ட்டுக்கு ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைச்சது) போட்ட கையில கஃப், அதாவது காத்து அடிக்கற பட்டை, சுத்தவே கூடாது. மார்பக ஆபரேஷன்ல அக்குள் நிணநீர் முடிச்சை எடுத்திருந்தா அந்தப் பக்கக் கையைத் தவிர்த்துடுங்க, ஐவி ஓடிட்டிருக்கற கையையும்தான். முதல் தடவை பாக்கறப்போ ரெண்டு கையிலயும் பாத்துட்டு, எதுல கூட இருக்கோ அதையே அடுத்தடுத்து யூஸ் பண்ணுங்க.

படி 3: கஃப்

உள்ள இருக்கற ரப்பர் பை கையோட சுத்தளவுல 80 சதவீதம் நீளமும் 40 சதவீதம் அகலமும் இருக்கணும். ஒவ்வொரு தடவையும் டேப் வெச்சு அளக்க முடியாதுதான், அதனாலதான் நிறைய கஃப்ல உள்பக்கம் ரேஞ்சுன்னு கோடு போட்டிருப்பாங்க, சுத்தினதும் ஓரம் அந்தக் கோட்டுக்குள்ள வரலன்னா வேற சைஸ் எடுங்க. பருமனான கைக்கு சின்ன கஃப் சுத்தினா இல்லாத பிரஷர் இருக்கற மாதிரி காட்டும், அதை நம்பி ஒருத்தருக்கு மாத்திரை ஆரம்பிச்சுட்டா எவ்வளவு அநியாயம்னு யோசிங்க. சட்டை மேல சுத்தாதீங்க. முழங்கை மடிப்புக்கு 2, 3 சென்டிமீட்டர் மேல கஃப் ஓரம் நிக்கணும், ஆர்ட்டரின்னு போட்ட அம்புக்குறி பிரேக்கியல் (முழங்கை மடிப்புல உள்பக்கமா துடிக்கற ரத்தக்குழாய்) துடிப்புக்கு நேரா வரணும். காத்து அடிக்கறதுக்கு முன்னாடி டயல் முள் ஜீரோவுல நிக்குதான்னும் பாத்துடுங்க.

படி 4: முதல்ல விரலால பாருங்க

இதைத்தான் அவசரத்துல நிறைய பேர் விட்டுடறாங்க, நான் இதுலதான் ரொம்ப கறாரா இருப்பேன். மணிக்கட்டுல ரேடியல் பல்ஸ் மேல விரலை வெச்சுட்டு காத்து அடிங்க, துடிப்பு எங்க நிக்குதோ அந்த நம்பரை மனசுல வெச்சுக்கிட்டு முழுசா காத்தை இறக்கிடுங்க. ஒரு நிமிஷம் விட்டு மறுபடி அடிக்கறப்போ அந்த நம்பருக்கு மேல 20, 30 வரைக்கும் ஏத்தணும்.

ஏன்னா சில பேருக்கு, முக்கியமா வயசானவங்களுக்கும் ரொம்ப நாளா பிபி இருக்கறவங்களுக்கும், சத்தம் நடுவுல காணாம போயிட்டு திரும்ப வரும். இதை ஆஸ்கல்டேட்டரி கேப்புன்னு சொல்வோம். ஒருத்தருக்கு உண்மையான சிஸ்டாலிக், அதாவது மேல் நம்பர், 190, சத்தம் 170-ல நின்னு 150-ல திரும்ப வருதுன்னு வைங்க. நீங்க பழக்கதோஷத்துல 160 வரைக்கும் மட்டும் ஏத்தினா உங்க காதுக்கு கேக்குற முதல் சத்தமே 150-ஆதான் இருக்கும், 190 இருக்கறவங்களை 150-ன்னு எழுதிட்டுப் போயிடுவீங்க. சத்தம் இல்லாத நேரத்துலயும் துடிப்பு விரலுக்குத் தெரியும், அதனால விரல் ஏமாறாது.

படி 5: இப்போ ஸ்டெத்

காதுல மாட்டற முனை மூக்குப் பக்கம் சாஞ்சிருக்கணும். டயஃப்ரமை (ஸ்டெத் தலையோட தட்டைப் பக்கம்) பிரேக்கியல் மேல லேசா வைங்க, கஃப்க்கு அடியில சொருகாதீங்க, உரசுற சத்தம் வரும். காத்தை ஏத்திட்டு வால்வை மெதுவா திறந்து நொடிக்கு 2, 3 மி.மீ. இறங்கற மாதிரி விடுங்க, வேகமா விட்டா சிஸ்டாலிக் குறைவாவும் டயஸ்டாலிக் கூடவும் வரும். தெளிவா 'டொக், டொக்'னு தொடர்ந்து ரெண்டு சத்தம் கேக்குதுல்ல, அதுல முதல் சத்தம் எங்க வந்துச்சோ அது சிஸ்டாலிக். அப்புறம் சத்தம் மாறி மாறி, மங்கி, சுத்தமா நிக்கற இடம் டயஸ்டாலிக், அதாவது கீழ் நம்பர். இந்த சத்தங்களை 1905-ல சொன்னவர் ரஷ்ய டாக்டர் நிகோலாய் கொரோட்காஃப், இன்னைக்கும் அவர் பேருலதான் படிக்கறோம். சில பேருக்கு, கர்ப்பிணிங்களுக்கும் இது நடக்கும், ஜீரோ வரைக்கும் சத்தம் நிக்கவே நிக்காது, அப்போ மங்கின இடத்தையும் சேர்த்து 120/70/0-ன்னு எழுதுங்க.

சரியா கேக்கலன்னா பாதியில நிறுத்தி மறுபடி ஏத்தாதீங்க. முழுசா இறக்கி, ஒரு நிமிஷம் விட்டு, திரும்ப ஆரம்பிங்க.

படி 6: எழுதறது

டயல்ல ஒரு சின்னக் கோடுங்கறது 2 மி.மீ., அதனால கையால பாத்த பிபி 128/84-ன்னு இரட்டைப்படையிலதான் வரும். ஒரு சார்ட் முழுக்க 120/80, 130/90-ன்னே இருந்தா யாரோ ரவுண்டு பண்ணி எழுதறாங்கன்னு அர்த்தம், தயவு செஞ்சு அதைச் செய்யாதீங்க, அந்த நம்பரைப் பாத்துதான் மருந்து கூட்டறாங்க குறைக்கறாங்க. எந்தக் கை, உக்காந்தா படுத்தா, எத்தனை மணி, இதெல்லாம் கூடவே இருக்கட்டும்.

நம்பர் ரொம்ப கம்மியாவோ ரொம்ப கூடவோ வந்தா முதல்ல கருவியைச் சந்தேகப்படாம பேஷண்ட்டைப் பாருங்க. முகம் வெளுத்திருக்கா, கை ஜில்லுன்னு வேர்த்திருக்கா, பேசினா தெளிவா பதில் வருதா, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைவலி இருக்கா? இதுல எது இருந்தாலும் அங்கேயே நின்னு ஆள் கூப்பிடுங்க, ரீசெக்கை அப்புறம் பாத்துக்கலாம். எதுவும் இல்லன்னா கஃப் சைஸையும் கை மட்டத்தையும் சரி பாத்து இன்னொரு தடவை எடுத்துட்டு சீனியர்கிட்ட முந்தின ரீடிங்கையும் சேர்த்து சொல்லுங்க. "பிபி கம்மியா இருக்கு சிஸ்டர்"னு மொட்டையா சொல்லாம "காலையில 118/76, இப்போ 88/54, வேர்க்குது, பல்ஸ் 116"-ன்னு சொன்னா எதிர்ல இருக்கறவங்க உடனே எழுந்து வருவாங்க.

அடுத்த பேஷண்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கஃப்பையும் ஸ்டெத் தலையையும் துடைச்சுடுங்க. பழகறதுக்கு ரெண்டு பேர் ஒரே நேரத்துல கேக்கற டீச்சிங் ஸ்டெத் கிடைச்சா விடாதீங்க, நீங்களும் சீனியரும் தனித்தனியா நம்பரை எழுதி வெச்சுட்டு அப்புறம் காட்டிக்கோங்க, 4 மி.மீ.க்குள்ள ஒத்துப்போற வரைக்கும் செய்ங்க.