ஓடைக்கு ஒரு தீர்மானம்: மகளிர் குழுக்கள் கிராம சபையில் செய்ய வேண்டியவை

வேலூர் மாவட்டத்தில் வறண்டு மணலாய்க் கிடந்த நாகநதிக்கு உயிர் வந்ததில் கணியம்பாடி பக்கத்துப் பெண்களின் உழைப்பு பெரிது. நூறு நாள் வேலையில் ஆயிரக்கணக்கானோர் ஓடைகளில் கல் தடுப்பு அடுக்கினார்கள், உறை இறக்கிச் செறிவூட்டும் கிணறு தோண்டினார்கள். கல் தடுப்பு மழைநீரின் வேகத்தை அடக்கும். தேங்கிய நீரைக் கிணறு நிலத்தடிக்கு இறக்கும். இதே வேலை உங்கள் ஊர் ஓடையிலும் நடக்க வேண்டுமானால், மண்வெட்டி எடுக்கும் முன் கிராம சபைத் தீர்மானம் கையில் இருக்க வேண்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 தண்ணீர் தினம்தான், ஆனாலும் அக்டோபர் 2-ஐக் குறி வையுங்கள். அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாராகத் தொடங்கும் நேரம் அது.

ஒரு மாதம் முன்பே ஆடு மாடு மேய்ப்பவர்களோடு ஓடை நெடுக நடங்கள். மழை விட்ட பிறகு எங்கே தண்ணீர் நிற்கும், எங்கே கரை அரிக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அந்த இடங்களின் சர்வே எண்ணைக் குறித்து, தமிழ்நாடு அரசின் இ-சேவை இணையதளத்தில் நிலம் என்ன வகை, யாருடையது என்று காட்டும் 'அ' பதிவேட்டைப் பாருங்கள், கட்டணம் கிடையாது. ஓடைப் புறம்போக்கு என்றிருந்தால் வழி தெளிவு. பட்டா நிலம் குறுக்கிட்டால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சம்மதம் அளவெடுக்கும் நாளில் தகராறாகிவிடும். ஒடுகத்தூர் போல ஜவ்வாது மலையடிவார ஊர்களில் காப்புக்காட்டு எல்லையையும் பாருங்கள். அதற்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஊராட்சி கை வைக்க முடியாது.

பிறகு மனு. கூட்டப்பொருளில் சேர்க்கக் கோரி, கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பாவது ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். நகல் இல்லாவிட்டால் அன்று "பொருளில் இல்லையே" என்ற ஒரே வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆள்கணக்கும் முக்கியம். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் பேசி, குழுவுக்கு இத்தனை பேர் என்று பங்கு பிரியுங்கள். எட்டுக் குழுக்கள் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக வந்தாலே தொண்ணூற்றாறு.

பேச இருவர் போதும்: ஒருவர் வாசிக்க, ஒருவர் கேள்விக்குப் பதில் சொல்ல. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் எழுதுபவருக்கு எதுவும் பதியாது. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. தலைவர் பெண்ணாக இருந்து அவர் கணவர் பதில் சொல்ல எழுந்தால், "தலைவர் அம்மாவே சொல்லட்டும்" என்று மரியாதையாகவே கேளுங்கள். அந்த நாற்காலி அவருடையது.

தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். "ஓடையைச் சீரமைக்க வேண்டும்" என்று எழுதினால் அதிலிருந்து மதிப்பீடு போட முடியாது. இப்படி எழுதுங்கள்: "சர்வே எண் ___ ஓடைப் புறம்போக்கில், மாரியம்மன் கோயில் பாலத்திலிருந்து ஏரி வரை, இணைப்பு வரைபடத்தில் குறித்த 6 இடங்களில் கல் தடுப்பும் 2 இடங்களில் செறிவூட்டும் கிணறும் அமைக்க, அடுத்த நிதியாண்டுத் திட்டத்தில் சேர்த்துத் தீர்மானிக்கப்பட்டது."

கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவதுதான் பெரிய தவறு. தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எண் போட்டு, உரக்க வாசிக்கும் வரை உட்காருங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து போடாதீர்கள். தீர்மானத்துக்குக் கீழே இடம் விட்டிருந்தால் கோடிழுக்கச் சொல்லுங்கள். பின்னால் சேர்க்கும் வரிகள் அங்கேதான் நுழையும். செயலர் அனுமதித்தால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நகல் தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். தீர்மானம் இருந்தும் வேலை நகரவில்லையா? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். தீர்மான எண், தேதி, வரைபடம் மூன்றையும் இணைத்து மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் குழுவின் கணக்குப் புத்தகத்தோடு பத்திரமாக வையுங்கள்.