பிரிட்டனில் தன்னார்வப் பணி: விசாவுக்கு எங்கிருந்து தொடங்குவது?

"சம்பளமே வாங்கப் போவதில்லை, விசிட்டர் விசா போதாதா?" சில நேரம் போதும், பெரும்பாலும் போதாது.

முதலில் நாட்களை எண்ணுங்கள். விசிட்டராகப் போகிறவர் மொத்தம் 30 நாள் வரை உதவலாம். ஆனால் பயணத்தின் முக்கிய நோக்கம் வேறாக இருக்கவேண்டும். நிறுவனம் அங்கே பதிவுபெற்ற தொண்டு நிறுவனமாக இருக்கவேண்டும். "பண்ணையில் தினம் நாலு மணி நேரம் வேலை, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம்" என்பது இதில் சேராது. அது பணத்துக்குப் பதில் பொருளாகத் தரும் கூலி. பண்ணையோடு நீங்கள் பேசிய செய்திகள் எல்லை அதிகாரி கண்ணில் பட்டால் அங்கிருந்தே திரும்ப வேண்டியிருக்கும்.

30 நாளுக்கு மேல் என்றாலோ, தன்னார்வப் பணிக்காகவே போகிறீர்கள் என்றாலோ சாரிட்டி வொர்க்கர் விசா, அதாவது தொண்டு நிறுவனத்தில் சம்பளமில்லாமல் பணி செய்வதற்கான விசா. அதிகபட்சம் 12 மாதம். விசிட்டராகப் போய் அங்கேயே இதற்கு மாற முடியாது. நிறுவனத்திடம் ஸ்பான்சர் உரிமம் (வெளிநாட்டவரை விசாவில் வரவழைக்கும் அனுமதி) இருக்கிறதா என்று பிரிட்டன் அரசு இணையதளத்திலுள்ள பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். தொண்டு நிறுவனப் பதிவு வேறு, ஸ்பான்சர் உரிமம் வேறு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ். இதை உங்களுக்கு வழங்குவது அந்த நிறுவனம்தான். பெயர்தான் சான்றிதழ். கையில் கிடைப்பது ஒரு எண் மட்டுமே. அது வழங்கப்பட்ட 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பணி தொடங்கும் நாளுக்கு 3 மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்கவும் முடியாது.

செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டுவது. நிராகரிப்பு அதிகம் நடக்கக்கூடிய இடம் இது. கணக்கில் 1,270 பவுண்டு தொடர்ந்து 28 நாள் இருக்கவேண்டும். அந்த 28ஆம் நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வரவேண்டும். இருபதாம் நாளில் ஏதோ கட்டணம் பிடித்து 1,265 ஆகிவிட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்துதான். வேறு நாணயத்தில் வைத்திருந்தால் மாற்று விகிதம் சறுக்கினாலும் இதே கதி. ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே போட்டுவைத்து, அந்த மாதம் அந்தக் கணக்கைத் தொடாமல் இருங்கள். ஸ்பான்சரே செலவுக்குப் பொறுப்பேற்பதாகச் சான்றிதழில் குறித்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை, கேட்டுப் பாருங்கள்.

விண்ணப்பம். ஆன்லைனில்தான். விசா கட்டணத்தோடு மருத்துவக் கூடுதல் கட்டணமும் உண்டு: ஒரு வருடத்துக்கு 1,035 பவுண்டு. ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர், இந்தியா, இலங்கை உட்படப் பட்டியலிலுள்ள நாடுகளிலிருந்து போனால், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் காசநோய்ப் பரிசோதனை செய்த சான்றும் வேண்டும். முடிவு வழக்கமாக 3 வாரத்தில் வந்துவிடும்.

டிக்கெட்டை அதற்குப் பிறகு எடுங்கள். பணி தொடங்கும் தேதிக்கு 14 நாள் முன்பிருந்து நாட்டுக்குள் நுழையலாம்.