குரோமில் சரியாக இருக்கிறது, ஐபோனில் ஏன் குலைகிறது?

ஒரு புகைப்படக்காரருக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். முகப்பில் திரை நிறையப் படம், அதன் அடியில் "தொடர்புகொள்ள" என்று ஒரு பட்டன். என் லேப்டாப்பில் அழகாக இருந்தது. அவர் தன் ஐபோனில் திறந்து பார்த்துவிட்டு, "பட்டன் எங்கே தம்பி?" என்று கேட்டார். அது திரைக்குக் கீழே போயிருந்தது.

படத்தின் உயரத்தை 100விஎச் என்று எழுதியதுதான் காரணம். திரை உயரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு விஎச். லேப்டாப்பில் இதில் குழப்பமே இல்லை. மொபைலில் முகவரிப் பட்டை ஸ்க்ரோல் செய்தால் சுருங்கும், திரும்ப மேலே வந்தால் விரியும். அப்படியானால் எது முழு உயரம்? மொபைல் சஃபாரியும் மொபைல் குரோமும் பட்டை சுருங்கியிருக்கும்போது கிடைக்கும் பெரிய உயரத்தையே எடுத்துக்கொள்கின்றன. அதனால் பக்கம் திறந்ததும் அடிப்பகுதி மறைந்துவிடுகிறது. இதற்காகவே எஸ்விஎச் (பட்டை விரிந்திருக்கும்போதுள்ள சிறிய உயரம்), எல்விஎச் (சுருங்கியிருக்கும்போதுள்ள பெரிய உயரம்), டிவிஎச் (பட்டையோடு சேர்ந்து மாறும் உயரம்) என்ற அலகுகள் 2022க்குள் பெரிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டன. முதல் வரியில் 100விஎச், அடுத்த வரியில் 100எஸ்விஎச் என்று எழுதினால் போதும். புதிய அலகு தெரியாத பழைய பிரவுசர் இரண்டாவது வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

தெரியாததை விட்டுவிடும் இந்தக் குணம், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் பெரிய பலம். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் எழுதுவதுதான் அடுத்த தவறு. விட்டுவிடுவது ஒரு வரி என்றால் நல்லது. ஆனால் ஒரு விதி பக்கத்தின் எந்தப் பகுதிக்கு என்று சொல்வது செலக்டர்; காற்புள்ளி போட்டுச் சேர்த்த செலக்டர்களில் ஒன்று புரியாவிட்டாலும் அந்த விதி முழுவதுமே போய்விடும். ஸ்லைடரின் குமிழை அலங்கரிக்க குரோமுக்கும் சஃபாரிக்குமான வெப்கிட் முன்னொட்டு உள்ள செலக்டரையும் ஃபயர்பாக்ஸுக்கான மாஸ் முன்னொட்டு உள்ளதையும் ஒரே விதியில் எழுதுபவர்கள் நிறையப் பேர். குரோமுக்கு மாஸ் புரியாது. எனவே அதற்கு நன்றாகத் தெரிந்த பாதியையும் சேர்த்தே தள்ளிவிடும். இரண்டையும் தனித்தனி விதிகளாக எழுதுங்கள். ஒரே வரிகளைத் திரும்ப எழுதுவது போலத் தோன்றும், வேறு வழியில்லை.

சோதிக்கும் முறையிலும் ஒரு ஏமாற்றம் உண்டு. குரோம், எட்ஜ், ஓபரா மூன்றிலும் பார்த்துவிட்டேன் என்று சொன்னால், கோடைப் படித்துப் பக்கத்தை வரையும் ஒரே எஞ்சினை மூன்று முறை பார்த்திருக்கிறீர்கள். 2020 ஜனவரியில் வந்த புதிய எட்ஜிலிருந்து மூன்றுமே பிளிங்க் எஞ்சினில்தான் ஓடுகின்றன. இன்று கணக்கில் கொள்ள வேண்டியவை பிளிங்க், சஃபாரியின் வெப்கிட், ஃபயர்பாக்ஸின் கெக்கோ ஆகிய மூன்று. பிளிங்க்கும் 2013இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்ததுதான், ஆனால் அதற்குப் பிறகு இரண்டும் வெகுதூரம் விலகிவிட்டன. ஐபோனில் குரோமையோ ஃபயர்பாக்ஸையோ நிறுவிப் பார்த்தாலும் உள்ளே இருப்பது வெப்கிட்தான். 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிறகு ஜப்பானிலும் மட்டும் ஆப்பிள் வேறு எஞ்சின்களுக்கு வழிவிட்டது.

"இது சஃபாரியா?" என்று பிரவுசரின் பெயரைப் பார்த்து ஸ்டைலை மாற்றும் கோடை இன்னும் எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். குரோம் தன்னை அறிவிக்கும் வரியிலேயே சஃபாரி, மொசில்லா என்ற பெயர்கள் இருக்கின்றன. பெயரைக் கேட்காமல், அந்த வசதி இருக்கிறதா என்று சிஎஸ்எஸ்ஸிலேயே உள்ள சப்போர்ட்ஸ் விதியால் கேட்பதே சரி. அதுவும் எல்லா நேரமும் கைகொடுக்காது. பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸில் அவற்றுக்கு இடையே கேப், அதாவது இடைவெளி, போடும் வசதி சஃபாரிக்கு 2021இல்தான் வந்தது. அதற்கு முன்பே, கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிடில் கேப் இருந்ததால், "கேப் தெரியுமா?" என்று கேட்டால் "தெரியும்" என்றே பதில் வரும், ஃப்ளெக்ஸ்பாக்ஸில் மட்டும் இடைவெளி விழாது.

கண்ணாடி போல மங்கலாகத் தெரியும் பின்னணியை எல்லோரும் விரும்புகிறார்கள். அதைத் தரும் பேக்டிராப் ஃபில்டருக்கு 2024இல் வந்த சஃபாரி 18 வரை வெப்கிட் முன்னொட்டு தேவைப்பட்டது. ஃபயர்பாக்ஸில் 2022இல்தான் வந்தது. முன்னொட்டைச் சேர்ப்பது சுலபம். அதைவிட முக்கியம், மங்கல் வேலை செய்யாவிட்டாலும் எழுத்து படிக்கும்படி இருப்பது. முதலில் பின்னணிக்கு நல்ல அடர்த்தியான நிறம் கொடுங்கள். மங்கல் உண்டு என்று தெரிந்தபின் சப்போர்ட்ஸ் விதிக்குள் அந்த அடர்த்தியைக் குறைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், அகலத்தை 100விடபிள்யூ என்று எழுதும் பழக்கம். உயரத்துக்கு விஎச் போல அகலத்துக்கு விடபிள்யூ. மேக்கில் ஸ்க்ரோல்பார் பெரும்பாலும் பக்கத்தின் மேலேயே மிதக்கும். விண்டோஸில் அது தனியாக இடம் பிடிக்கும், விடபிள்யூ அந்த இடத்தைக் கழிக்காது. பக்கம் பக்கவாட்டில் கொஞ்சம் நகர ஆரம்பிக்கும். 100 சதவீதம் என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

தமிழ்ப் பக்கம் செய்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாம் தேர்ந்தெடுத்த ஆங்கில ஃபான்ட்டில் தமிழ் எழுத்துகள் இல்லையென்றால், பிரவுசர் அந்தச் சாதனத்தில் உள்ள தமிழ் ஃபான்ட்டைத் தேடிப் போகும். விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என் என்று ஒவ்வொன்றும் வேறு. அகலம் வேறு, உயரம் வேறு. ஒரு சாதனத்தில் ஒரே வரியில் அடங்கிய மெனு இன்னொன்றில் இரண்டு வரியாகும். பட்டனுக்கு உயரத்தைப் பிக்சலில் கட்டிப்போட்டு, மிஞ்சுவதை மறைக்கவும் சொல்லிவிட்டால் "கி"யின் மேல் வளைவோ "கூ"வின் கீழ்ச் சுழியோ வெட்டுப்படும். உயரத்தைக் கட்டாமல் எழுத்தைச் சுற்றி உள்ளிடம் விடும் பேடிங் கொடுங்கள், வரி உயரத்தை 1.6 அளவுக்குத் தளர்த்துங்கள். எல்லோருக்கும் ஒரே தோற்றம் வேண்டுமென்றால் தமிழ் வெப்ஃபான்ட்டைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்புங்கள். எழுத்து இடைவெளியைக் கூட்டும் லெட்டர் ஸ்பேசிங் ஆங்கிலத் தலைப்புக்கு அழகு சேர்க்கும். அதே விதி தமிழுக்கும் பாய்ந்தால் க்ஷ, ஸ்ரீ போன்ற கூட்டெழுத்துகள் பிரிந்து நிற்க வாய்ப்புண்டு. தமிழ் உள்ள இடங்களில் அதைப் பூஜ்ஜியமாக்கிவிடுங்கள்.

கையில் ஐபோன் இல்லையென்றால், வெப்சைட்டைப் பல பிரவுசர்களில் சோதிக்க உதவும் பிளேரைட் கருவியோடு வரும் வெப்கிட்டை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓட்டிப் பார்க்கலாம். லேஅவுட் கோளாறுகள் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். ஆனால் சுருங்கி விரியும் முகவரிப் பட்டை அதில் கிடையாது. 16 பிக்சலுக்குச் சின்ன எழுத்துள்ள பெட்டியைத் தொட்டால் ஐபோன் பக்கத்தையே பெரிதாக்கிவிடுவதும் அதில் தெரியாது. அந்த இரண்டுக்கும் தெரிந்தவர் யாரிடமாவது ஐபோனைப் பத்து நிமிடம் வாங்கி, பக்கத்தை மேலும் கீழும் தள்ளி, ஃபார்மில் உங்கள் பெயரை ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.