அலாஸ்கா கிராமத்துக்கு வாத்தியாரா போறீங்களா? கோட்டு வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

அலாஸ்காவுல ஒரு குக்கிராமத்து ஸ்கூல்ல வேலைன்னு சொன்னதும் எல்லாரும் குளிரைப் பத்தித்தான் கேப்பாங்க. குளிருக்குத் துணி இருக்குங்க, அத பாத்துக்கலாம். அந்த ஊருக்கு ரோடு கெடையாது, அதுதான் விஷயம். நான் இருந்தது குஸ்கோக்விம் ஆத்துப் பக்கம், அலாஸ்காவோட பெரிய நகரமான ஆங்கரேஜ்ல இருந்து பெத்தேல்ங்கிற ஊர் வரைக்கும் பெரிய ஃப்ளைட்டு, அங்கேருந்து ஒரு குட்டி ப்ளேன், ஏறுறதுக்கு முன்னாடி மூட்டையோட சேத்து உங்க எடையையும் கேப்பாங்க, கூச்சப்படாம உண்மையைச் சொல்லுங்க. மூடுபனி வந்தா ப்ளேன் கெளம்பாது, ஒரு நாளோ மூணு நாளோ யாருக்கும் தெரியாது. அதனால ஸ்லீப்பிங் பேக், ரெண்டு நாள் சாப்பாடு, மாத்திரை மூணும் கைப்பையிலயே இருக்கட்டும்.

வேலைக்கு முன்னாடி பேப்பர் வேலை. வெளிநாட்டுல இருந்து போறவங்க பலபேர் ஜே-1னு சொல்ற பரிமாற்ற விசாவுலதான் போறாங்க, டிகிரியோட ரெண்டு வருஷமாவது பாடம் எடுத்த அனுபவம் வேணும், மொதல்ல 3 வருஷம் வரைக்கும் தருவாங்க. அது போக அலாஸ்கா டீச்சர் சர்டிஃபிகேட் தனியா வாங்கணும்.

இன்டர்வியூல சம்பளத்தை விட்டுட்டு மொதல்ல வீட்டைப் பத்திக் கேளுங்க. வாத்தியார் வீடு பெரும்பாலும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டே (அந்தப் பக்கத்து ஸ்கூல்களை நடத்துற அமைப்பு) வாடகைக்கு குடுக்கும், ஆனா குழாய்ல தண்ணி வருதான்னு வாய்விட்டு கேக்கணும். சில ஊர்ல இன்னும் குழாயே இல்ல, ஹனி பக்கெட்தான். பேரைக் கேட்டு தேனுன்னு நெனச்சுடாதீங்க, டாய்லெட்டுக்கு வெக்குற வாளி அது, நெறைஞ்சா நீங்கதான் தூக்கிட்டுப் போய் கொட்டணும். துணி துவைக்க, குளிக்க ஊர்ப் பொது வாஷெட்டேரியா இருக்கும்.

சாமானெல்லாம் தபால்லதான் போகணும். மூடி போட்ட கெட்டி ப்ளாஸ்டிக் டப்பா (அங்க டோட்னு சொல்லுவாங்க), அதுல அரிசி பருப்பு மாவெல்லாம் அடைச்சு, ஓரத்துல ஓட்டை போட்டு ஸிப் டை மாட்டி போஸ்ட் ஆபீஸ்ல குடுக்கணும், ஒரு பார்சல் 70 பவுண்டுக்கு மேல எடுக்க மாட்டாங்க, அதாவது 32 கிலோகிட்ட. உப்பு மட்டும் வாங்காதீங்க. நான் போனப்ப சமையலறை அலமாரியில பாதி தீந்த உப்பு பாக்கெட் மூணு இருந்துச்சு, மூணும் மூணு வாத்தியார் விட்டுட்டுப் போனது. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

இன்னொண்ணு, பாட்டில் எதுவும் பையில வெக்காதீங்க. நெறைய கிராமத்துல ஊரே ஓட்டுப் போட்டு சாராயத்தைத் தடை பண்ணியிருக்காங்க, கொண்டு போனாலே கேஸு.

இப்போ துணி. ஆகஸ்ட்ல எறங்குறப்ப பனியே இருக்காது, சேறும் கொசுவும்தான், ரப்பர் பூட்ஸ்தான் மொதல்ல வேணும். குளிர்காலத்துக்கு உள்ள பருத்தி வேண்டாம், வேர்வையை உறிஞ்சி வெச்சுக்கிட்டு ஜில்லுன்னு ஆயிடும், கம்பளிதான் சரி. பூட்ஸ் ஒரு சைஸ் பெருசா எடுங்க, கால் இறுகுனா வெறைக்கும். தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட வெளிய போனா முடி குச்சி மாதிரி நிக்கும். விலை ஒசந்த கோட்டு மட்டும் அவசரப்பட்டு வாங்காதீங்க, ஊர்க்காரங்க என்ன போடுறாங்கன்னு பாத்துட்டு வாங்குங்க.

இருட்டு கொஞ்சம் படுத்தும். பெத்தேல் பக்கம் டிசம்பர்ல அஞ்சரை மணி நேரம்தான் வெளிச்சம், அலாஸ்காவோட வடக்குக் கோடியில இருக்குற உட்கியாக்விக் ஊர்ல சூரியன் ரெண்டு மாசத்துக்கு மேல எட்டியே பாக்காது. வைட்டமின் டி பத்தி போறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

கிளாஸ்ல என்ன ஆச்சுன்னா, மொத வாரம் ஒரு பையன்கிட்ட கணக்கு புரிஞ்சுதான்னு கேட்டேன். பேசல. மறுபடி கேட்டேன், என்னையே பாத்துட்டு இருந்தான், மூணாவது தடவை குரலை ஒசத்திட்டேன். பின்னாடி உக்காந்திருந்த ஊர்க்கார உதவி டீச்சரம்மாதான், சார், அவன் மூணு தடவையும் ஆமான்னு சொல்லிட்டான்னு சொன்னாங்க. அந்தப் பக்கத்துப் பூர்வகுடி யூபிக் மக்கள்கிட்ட புருவத்தைத் தூக்குனா ஆமா, மூக்கைச் சுருக்குனா இல்ல. அன்னைக்கு மானமே போச்சு, அடுத்த நாள் அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன், அதுக்கும் புருவத்தைத் தூக்குனான்.

சாயங்காலம் கதவைச் சாத்திட்டு லேப்டாப்போட உக்காந்தீங்கன்னா டிசம்பரைத் தாண்ட மாட்டீங்க. பாஸ்கெட்பால் மேட்ச்சுக்கு ஊரே ஜிம்முக்கு வரும், டிக்கெட் கிழிக்கவாவது போய் நில்லுங்க. யாராவது சாப்பிடக் கூப்பிட்டா போங்க, மூஸ்னு சொல்ற பெரிய மானோட சூப்போ மீனோ எது குடுத்தாலும் வாங்கிக்கிட்டு குயானான்னு சொல்லுங்க, நன்றின்னு அர்த்தம். செப்டம்பர்ல மூஸ் வேட்டைக்குப் போயிட்டு பசங்க ரெண்டு நாள் வரலைன்னா ஆப்சென்ட்னு கத்தாதீங்க, அந்த வீட்டுக்கு குளிர்காலச் சாப்பாடே அதுதான்.

இருக்கப்போறீங்களா இல்லையான்னு பசங்க உங்களுக்கு முன்னாடியே கேப்பாங்க, சிலது கிறிஸ்மஸுக்கு முன்னாடியே கேக்கும். தெரியாட்டி தெரியலைன்னே சொல்லுங்க, வரேன்னு சொல்லிட்டு வராம இருந்த வாத்தியாரைத்தான் அவங்க நிறைய பாத்திருக்காங்க. இருக்கிறதா முடிவு பண்ணிட்டா மே மாசம் லீவுக்குக் கெளம்புறப்ப டோட்டையெல்லாம் பேரெழுதி அங்கேயே எங்க வெக்கலாம்னு ஸ்கூல்ல கேட்டு வெச்சுட்டு வாங்க, தபால் காசாவது மிச்சம்.